கடவுளிடம் நேராகப் பேசிய பெண்பிள்ளைகள்

1970ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வசித்த ஜூடி ப்ளூம் என்ற எழுத்தாளர், தன் புதிய நாவலின் மூன்று பிரதிகளைத் தன் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தலைமையாசிரியர் ஓர் ஆண். புத்தகங்கள் நூலக அலமாரிக்குப் போகவே இல்லை. கதையில் மாதவிடாய் வருகிறது என்பதுதான் காரணம்.

அந்த நாவலின் பெயர் ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’. பன்னிரண்டு வயதைத் தொடப்போகும் மார்கரெட் சைமன் என்ற சிறுமி, யாருக்கும் தெரியாமல் கடவுளிடம் பேசுகிறாள். மார்பு எப்போது வளரும், தோழிகளுக்கு வந்துவிட்டதே, எனக்கு எப்போது வரும், புது ஊரில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறாள். மந்திரமும் கிடையாது, மண்டியிடுவதும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள்.

பின்னாளில் இந்த நாவலை எதிர்த்தவர்கள் மாதவிடாயோடு நிற்கவில்லை. எந்த மதம் தனக்கு வேண்டும் என்பதை ஒரு சிறுமி தானே தேடிப் பார்ப்பதா என்பதும் அவர்களை உறுத்தியது. 1990களில் அமெரிக்காவில் அதிகம் எதிர்ப்பைச் சந்தித்த நூறு புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டபோது, அதில் மார்கரெட்டும் இருந்தாள்.

பெண்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் வந்த நாவல்களை நூற்றைம்பது ஆண்டு வரிசையில் வைத்துப் படித்துப் பார்த்தேன். அவற்றில் கடவுளைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய எப்போதும் பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சாகவும் இருந்திருக்கிறது. அவள் எங்கே உட்காரலாம், என்ன உடுத்தலாம், யாரைத் தொடலாம், வலியை எப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் சமயத்தின் பெயரால் அடுத்தவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்து சேர்கிறது. பக்தி குறைந்துவிட்டது, நாத்திகம் வந்துவிட்டது என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் கதைகளைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

பியானோ முன் ஒரு குழந்தை

1867இல் மார்த்தா ஃபின்லி எழுதிய ‘எல்சி டின்ஸ்மோர்’ அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுமிகளின் பெரும் விருப்பம். 28 புத்தகங்கள் வரை நீண்ட தொடர் அது. எல்சிக்கு எட்டு வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்த விருந்தினர்கள் முன் பியானோ வாசித்துப் பாடு என்கிறார் அப்பா. ஓய்வுநாளில் பக்திப் பாடல் தவிர வேறு பாட மாட்டேன் என்கிறாள் குழந்தை. பாடும்வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவாகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறாள். கடைசியில் மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு ரத்தம் வழிகிறது.

இன்று படித்தால் பதறுகிறது. அந்த வீடு அடிமைகள் உழைக்கும் தென்மாநிலப் பண்ணை வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த எல்சி, அந்த அடிமைத்தனம் தவறு என்று ஒரு இடத்திலும் நினைப்பதில்லை. இது அந்தப் புத்தகத்தின் மன்னிக்க முடியாத குறை. ஆனாலும் அந்தக் காலத்து வாசகிகள் அதில் எதைக் கண்டிருப்பார்கள் என்பது புரிகிறது. அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சே கூடாத வீட்டில் ஒரு பெண்குழந்தை ‘முடியாது’ என்கிறாள். அப்பாவுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டுமே அவளுக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறது. அடங்கிப்போவதற்கான பாடமாக எழுதப்பட்ட கதைக்குள்ளேயே மீறலும் ஒளிந்திருந்தது.

அடுத்த ஆண்டு, 1868இல், லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ வந்தது. நான்கு சகோதரிகளும் ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ கதையை வீட்டுக்குள் விளையாட்டாக நடித்து வளர்ந்தவர்கள். முதுகில் மூட்டை, கையில் தடி, மாடிப்படி ஏறினால் மோட்ச நகரம். (எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’மாகத் தமிழ்க் காப்பியம் ஆக்கியது இதே கதையைத்தான்.) ஆல்காட்டின் நாவலில் சமயம் பயமுறுத்துவதில்லை, அம்மாவின் குரலில் பேசுகிறது. கோபக்காரியான ஜோ தன் கோபத்தை அடக்கப் படும் பாட்டைப் படிக்கும்போது, எழுதியவரும் அதே பாடு பட்டவர் என்பது தெரிந்துவிடும். ஆனால் நால்வரில் நல்லவள் பெத். நல்லவளாக இருந்ததால் அவளுக்குக் கிடைப்பது சாவு. 1872இல் வந்த சூசன் கூலிட்ஜின் ‘வாட் கேட்டி டிட்’ நாவலில் துறுதுறுப்பான கேட்டி ஊஞ்சலிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறாள். அந்த வலி கடவுள் நடத்தும் பள்ளிக்கூடம், அதில் பொறுமையைப் படித்துக்கொள் என்று அறிவுரை சொல்கிறாள், அதேபோல் படுக்கையில் கிடக்கும் ஹெலன் அக்கா. ஓடித்திரிந்த பெண் அடங்கிய பெண்ணாக எழுந்து வருகிறாள்.

இந்தக் கதைகளின் அன்பையும் சிரிப்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் பெண்ணின் உடம்பை முடக்கிப்போட்டு அவள் ஆன்மாவை வளர்க்கும் இந்த வழக்கம், எத்தனை தலைமுறைச் சிறுமிகளுக்கு வலியைப் புண்ணியமாகக் கற்பித்திருக்கும்!

ஆன் கேட்ட கேள்வி

1908இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து செம்பட்டைத் தலையோடு ஒரு அனாதைச் சிறுமி வந்தாள். லூசி மாட் மான்ட்கோமரி படைத்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாயகி ஆன் ஷெர்லி. படுக்கப்போகும் முன் ஜெபம் செய் என்கிறாள் அவளுக்கு வீட்டில் இடம் கொடுத்த மரில்லா. நான் ஜெபம் செய்வதே இல்லையே என்கிறாள் ஆன். தனக்குச் செம்பட்டை முடியைக் கடவுள் வேண்டுமென்றே கொடுத்தார் என்று முன்பு யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து அவரிடம் அவளுக்குப் பிரியம் இல்லை. எதற்காக மண்டியிட வேண்டும் என்றும் கேட்கிறாள். உண்மையாகவே ஜெபிக்கத் தோன்றினால் அவள் பரந்த வயல்வெளிக்கோ அடர்ந்த காட்டுக்கோ போய், அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாளாம். கடைசியில் மரில்லாவுக்காக மண்டியிட்டு, இரண்டே வேண்டுதல் வைக்கிறாள்: இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், பெரியவளானதும் அழகாக இருக்க வேண்டும். பிறகு கடிதம் முடிப்பதுபோல மரியாதையாகத் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறாள். மரில்லா அதிர்ந்துபோகிறாள்.

அந்த வேண்டுதலைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் இந்த வரிசையில் ஒரு பெண்பிள்ளை தன் உடம்பைப் பற்றிய குறையைத் தயக்கமில்லாமல் கடவுள் முன் வைப்பது இங்கேதான். நாவலின் பின்பகுதியில் இன்னொன்றும் கேட்கிறாள்: பெண்கள் ஏன் போதகராகக் கூடாது? ஊர்ப் பெரியம்மா லிண்ட், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளருக்குக் கொஞ்சமும் குறையாமல் ஜெபிக்கக்கூடியவள் ஆயிற்றே என்கிறாள். கனடாவின் பிரஸ்பிட்டீரியன் திருச்சபை பெண்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது 1966இல்தான். ஆன் கேட்டு 58 ஆண்டு கழித்து. இதை எழுதிய மான்ட்கோமரி 1911இல் மணந்துகொண்டது ஒரு பிரஸ்பிட்டீரியன் போதகரை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எந்தக் குளத்தில் நீந்துவது?

மார்கரெட்டுக்கு வருகிறேன். அவள் அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். கலப்புத் திருமணம் என்பதால் அம்மாவின் பெற்றோர் மகளையே ஒதுக்கிவிட்டார்கள். மதமே வேண்டாம், பெரியவளானதும் மார்கரெட்டே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று தாயும் தகப்பனும் முடிவு செய்கிறார்கள். எவ்வளவு முற்போக்கான முடிவு! ஆனால் நியூயார்க்கை விட்டு ஃபார்ப்ரூக் என்ற புறநகருக்குக் குடிபோனதும் சிக்கல் தொடங்குகிறது. அங்கே கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒய்.எம்.சி.ஏ.வில் சேர்வார்கள், யூதப் பிள்ளைகள் யூதச் சமூக மையத்தில் சேர்வார்கள். நீந்துவதும் விளையாடுவதும் அங்கேதான். நீ எதில் சேரப் போகிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவளிடம் பதில் இல்லை.

பள்ளியில் ஓர் ஆண்டு முழுக்க ஒரு பொருளை ஆராய்ந்து எழுதச் சொல்கிறார் ஆசிரியர். மார்கரெட் மதத்தை எடுத்துக்கொள்கிறாள். அப்பாவின் அம்மா சில்வியா பாட்டியோடு யூத ஆலயத்துக்குப் போகிறாள். ஒரு தோழியோடு பிரஸ்பிட்டீரியன் ஆலயம், இன்னொரு தோழியோடு மெத்தடிஸ்ட் ஆலயம். ஓரிடத்திலும் அவளுக்குக் கடவுள் பக்கத்தில் வந்ததாகத் தோன்றவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் வளர்ந்துவிட்ட லாரா என்ற பெண்ணின் உடம்பைப் பற்றிப் பரவிய வதந்தியை நம்பி அவளைப் புண்படுத்திவிட்டு, அவள் பின்னாலேயே கத்தோலிக்க ஆலயத்துக்குள் போய்விடுகிறாள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் நுழைந்து, திரைக்குப் பின்னால் கேட்கும் பாதிரியாரிடம் மன்னிப்பைக் கேட்க வாய் வராமல், அழுதுகொண்டே ஓடி வருகிறாள். நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை. சக மாணவியின் உடம்பைக் கேலி செய்த குற்றவுணர்வுதான் அவளை முதல்முறையாகத் தானாக ஆலயத்துக்குள் கொண்டுபோகிறது.

பிறகு அம்மாவின் பெற்றோர் வருகிறார்கள். பிள்ளை தாயின் மதத்தைச் சேர்ந்ததுதான் என்று சாதிக்கிறார்கள். இல்லை, நீ யூதப் பெண் என்கிறாள் சில்வியா பாட்டி. பெரியவர்கள் சண்டை போட, நடுவில் சிறுமி நிற்கிறாள். அன்றோடு கடவுளிடம் பேசுவதை நிறுத்துகிறாள்.

ஆண்டு முடிவில் ஆசிரியருக்கு அவள் எழுதும் கடிதம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை, எந்த முடிவுக்கும் வர முடியவில்லை, எனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் என்ன மதம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்குவது மிகவும் தாமதம் என்று அதில் சொல்கிறாள். முற்போக்கான பெற்றோர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. ‘நீயே முடிவு செய்’ என்று சொல்லிவிட்டுத் தாங்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தால், அந்தப் பிள்ளை தனியாக விடப்பட்டிருக்கிறது. சுதந்திரம் கொடுத்ததற்கும் கைவிட்டதற்கும் உள்ள இடைவெளியை ப்ளூம் ஒரு சிறுமியின் கடிதத்தில் காட்டிவிட்டார்.

கடைசிப் பக்கங்களில் அவளுக்கு மாதவிடாய் வருகிறது. அவள் மறுபடி கடவுளிடம் பேசத் தொடங்குகிறாள், நன்றி சொல்வதற்காக. 2023இல் கெல்லி ஃப்ரீமன் க்ரெய்க் இயக்கத்தில் இது திரைப்படமானது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பட உரிமையைக் கொடுக்காமல் வைத்திருந்தார் ப்ளூம்.

லிப்ஸ்டிக் போட்ட சூசனும் பொய் சொல்லும் லைராவும்

சி. எஸ். லூயிஸின் நார்னியா நாவல்கள் உலகெங்கும் பிள்ளைகளின் பிரியம். கிறிஸ்தவ நம்பிக்கையின் சாயலில் எழுதப்பட்டவை. 1956இல் வந்த கடைசி நூல் ‘த லாஸ்ட் பேட்டில்’. நார்னியாவை அறிந்த எல்லாரும் மெய்யான நார்னியாவுக்குள் நுழைகிறார்கள். சூசன் மட்டும் இல்லை. அவள் இப்போது நைலான் காலுறை, லிப்ஸ்டிக், விருந்து அழைப்புகளைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்த எட்மண்டுக்கு மன்னிப்பு உண்டு. வளர்ந்துவிட்ட சூசனுக்கு வாசல் மூடியிருக்கிறது. பிற்பாடு ஒரு கடிதத்தில், சூசனும் தன் வழியில் ஒருநாள் வந்து சேரக்கூடும் என்று லூயிஸ் எழுதினார். அந்த ஆறுதல் நாவலில் இல்லை. அவளுக்காக வருத்தப்பட்ட வாசகிகள் ஏராளம்.

அதற்குக் கோபமாகப் பதில் எழுதியவர் ஃபிலிப் புல்மன். 1995இல் ‘நார்தர்ன் லைட்ஸ்’ தொடங்கி 2000இல் ‘த ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ வரையிலான மூன்று நாவல்களில் லைரா என்ற சிறுமி, மஜிஸ்டீரியம் எனும் திருச்சபை அதிகாரத்தோடு மோதுகிறாள். அவள் உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு விலங்கு வடிவில் கூடவே நடக்கும். குழந்தைகளுக்கு அது உருவம் மாறிக்கொண்டே இருக்கும், பருவம் வந்ததும் ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். பருவம் வருவதையே பாவத்தின் தொடக்கமாகப் பார்க்கும் திருச்சபை, அதற்கு முன்பே குழந்தையையும் அதன் ஆன்மாவையும் வெட்டிப் பிரிக்கிறது. சமய அதிகாரம் பெண்ணின் பருவத்தைக் கண்டு அஞ்சுவதை இதைவிட அழுத்தமாகக் காட்டிய இளையோர் நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றாம் நூலில் புல்மனே பிரசங்கியாகிவிடுகிறார் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் அன்றைய கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் இந்தக் கதையின் நாடக வடிவத்தைப் பாராட்டினார், 2004இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து உரையாடினார், பள்ளிகளில் சமயப் பாடத்தில் இதைப் பேசலாம் என்றார். 2007இல் திரைப்படம் வந்தபோது அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று புறக்கணிக்கச் சொன்னது. முதலாமவர் காட்டிய நம்பிக்கைதான் உறுதியான நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

இதே ஆண்டுகளில்தான் மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபொலிஸ்’ பிரெஞ்சில் வந்தது. அது தன்வரலாற்றுச் சித்திர நூல், பதின்பருவத்தினர் விரும்பிப் படிப்பது, தமிழிலும் வந்திருக்கிறது. ஈரானியச் சிறுமி மர்ஜிக்குத் தீர்க்கதரிசியாக ஆசை. பாட்டிக்கு முழங்கால் வலி என்பதால், தன் புனித நூலில் முதியவர்கள் யாரும் வலியால் துன்பப்படக் கூடாது என்று விதி எழுதி வைக்கிறாள். இரவில் கடவுள் அவள் கட்டிலுக்கு வந்து பேசுவார். அவள் உயிராக நேசித்த அனூஷ் மாமாவை அரசு கொன்ற அன்று, அந்தக் கடவுளை அறையை விட்டு விரட்டிவிடுகிறாள்.

தலையில் போட்டதும் அவள் முடிவு

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மேற்கத்திய நாடுகளில் வளர்ந்த முஸ்லிம் சிறுமிகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அந்தச் சிறுமிகள் பேசியது குறைவு. 2005இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ராண்டா அப்தெல் ஃபத்தாவின் ‘டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?’ அந்தக் குறையைத் தீர்த்தது. மெல்பர்னில் வளரும் பாலஸ்தீன வம்சாவளிப் பெண் அமல், டிரெட்மில்லில் நடந்துகொண்டே ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரைப் பார்க்கும்போது, முழுநேரமும் ஹிஜாப் அணிவது என்று முடிவெடுக்கிறாள். அம்மா ஹிஜாப் அணிபவர்தான். இருந்தும் பெற்றோர் இருவருமே கவலைப்படுகிறார்கள்: பள்ளியில் என்ன சொல்வார்கள், தெருவில் என்ன நடக்கும், உன்னால் தாங்க முடியுமா? வற்புறுத்தி அணிய வைக்கும் பெற்றோர் என்ற வழக்கமான சித்திரம் இங்கே தலைகீழாகிறது.

2002 பாலி குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம் என்ற முறையில் இதைப் பற்றிப் பேசு என்று பள்ளியில் கேட்கிறார்கள். எங்கோ யாரோ செய்த கொலைக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்று மறுக்கிறாள். அதே நாவலில் லைலா என்ற தோழியும் இருக்கிறாள். சீக்கிரம் கல்யாணம் செய்துவைக்கத் துடிக்கும் அம்மாவிடமிருந்து அவள் வீட்டைவிட்டு ஓட நேர்கிறது. ஊர் வழக்கத்தை மார்க்கம் என்று நம்பும் தாய்க்கும், மார்க்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொண்ட மகள்களுக்கும் நடக்கும் இந்த மோதல் நாவலின் முதுகெலும்பு. சில இடங்களில் அமல் பாடம் எடுப்பதுபோலப் பேசுகிறாள் என்பது உண்மை. அப்போது அவளுக்கு வேறு வழியும் இல்லை, கேட்பவர்கள் அவ்வளவு அறியாமையோடு கேட்டார்கள்.

2014இல் மார்வெல் காமிக்ஸில் ‘மிஸ் மார்வெல்’ ஆக வந்த கமலா கானுக்கு அந்த விளக்கச் சுமை குறைந்திருந்தது. ஜெர்ஸி சிட்டியில் வாழும் 16 வயதுப் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண் அவள். எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவியவர், ஆசிரியர் குழுவில் இருந்த சனா அமானத் நியூஜெர்சியில் வளர்ந்த முஸ்லிம் பெண். கமலா ஹிஜாப் அணிவதில்லை. தோழி நக்கியா அணிகிறாள், அதுவும் அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லாமல். பள்ளிவாசலில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உங்களைப் பார்க்கவே முடியாமல் பேச்சை எப்படிக் கேட்பது என்று உரை நிகழ்த்தும் ஷேக் அப்துல்லாவிடம் இருவரும் கேட்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஊரைக் காப்பாற்றும் கமலாவை அதே ஷேக்கிடம் அனுப்பி வைக்கிறார்கள். திட்டப்போகிறார் என்று அவளோடு நாமும் காத்திருக்கிறோம். அவரோ, உதவிதான் செய்கிறாய் என்றால் அதைத் துணிவோடும் நேர்மையோடும் செய், ஒரு நல்ல ஆசிரியரைத் தேடிக்கொள் என்று அனுப்பிவைக்கிறார். 2015இல் இந்தத் தொடரின் முதல் தொகுப்பு ஹ்யூகோ விருது பெற்றது.

எரிந்த நோட்டுப் புத்தகம்

2018இல் வந்த எலிசபெத் அசெவெடோவின் ‘த பொயட் எக்ஸ்’ முழுவதும் கவிதை வடிவில் சொல்லப்பட்ட நாவல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் டொமினிக்கன் குடும்பத்துப் பெண் சியோமாராவுக்கு 15 வயது. அம்மா கன்னியாஸ்திரியாக ஆசைப்பட்டவள், அது நடக்காமல் திருமணமாகி வந்தவள். மகள் உறுதிபூசுதல் பெற்றே ஆக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். மகளோ அந்த வகுப்புக்குப் போகாமல் பள்ளியின் கவிதை மன்றத்துக்குப் போகிறாள். உடம்பு வளர்ந்த நாளிலிருந்து தெருவில் ஆண்கள் சீண்டுகிறார்கள். வீட்டிலோ அந்த உடம்பே ஏதோ குற்றம்போல நடத்தப்படுகிறது. ஒரு பையனை முத்தமிட்டதை அம்மா பார்த்துவிட்டபோது மாதா பீடத்துக்கு முன் முட்டிபோட வைக்கிறாள். அரிசி மேல் முட்டிபோடும் தண்டனையும் அவளுக்குப் பழக்கமானதே.

பிறகு அவள் கவிதை எழுதிவந்த நோட்டுப் புத்தகம் அம்மாவின் கையில் சிக்குகிறது. தீக்குச்சி உரசுகிறாள். பக்கங்கள் எரிய எரிய, சியோமாரா தன் கவிதைகளை மனப்பாடமாக உரக்கச் சொல்கிறாள். எதிரே நின்று அம்மா வேத வசனம் சொல்கிறாள். தாயும் மகளும் ஒரே அறையில், ஆளுக்கொரு வேதத்தோடு நிற்கிறார்கள். இந்தக் காட்சியைப் படித்துவிட்டு நெடுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

அசெவெடோ அதோடு முடிக்கவில்லை. தாயையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைப்பவர் பங்குத்தந்தை ஷான். இந்தப் பெண் இன்னும் தயாராகவில்லை, அவசரப்படுத்தாதீர்கள் என்று அவளுக்காகப் பேசியவரும் அவர்தான். இந்த நாவல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும் பிரிட்டனின் கார்னகி பதக்கத்தையும் பெற்றது. கிறிஸ்தவத்துக்கு விரோதமானது என்று சொல்லி, வட கரோலினாவில் பெற்றோர் இருவர் 2020இல் வழக்கும் தொடுத்தார்கள். வகுப்பில் கற்பிக்கத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

கதைக்கு வெளியே உலகமும் மாறியிருக்கிறது. எந்த மதத்தையும் சாராதவர்கள் அமெரிக்கப் பெரியவர்களில் 2007இல் 16 சதவீதம். பியூ ஆய்வு மையத்தின் 2023-24 கணக்கெடுப்பில் 29 சதவீதம். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் இல்லை என்று குறித்தவர்கள் 37.2 சதவீதம். பழைய தலைமுறைகளில் மதத்தை விட்டு வெளியேறியவர்களில் ஆண்களே அதிகம். இன்றைய அமெரிக்க இளையோரில் அது திரும்பிவிட்டது, வெளியேறுபவர்களில் பெண்கள் அதிகம் என்று 2024இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. சியோமாராவையும் மார்கரெட்டையும் படித்தவர்களுக்கு இந்தச் செய்தியில் வியப்பு இருக்காது. கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்ட பங்குத்தந்தையும் ஷேக்கும் கதையில் அந்தப் பெண்களை இழக்கவில்லை. அதட்டியவர்கள்தான் இழந்தார்கள்.

நம் வீட்டுப் பூஜையறை

மார்கரெட் எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாளோ, அதே காரணத்துக்காக நம் வீட்டுப் பெண்பிள்ளை பூஜையறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். வயசுக்கு வந்ததைத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, மண்டபம் பிடித்து, சீர் வரிசையோடு கொண்டாடுகிறோம். அடுத்த மாதத்திலிருந்து அந்த நாட்களில் விளக்கைத் தொடாதே, கோயிலுக்கு வராதே என்கிறோம். அவள் ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்ற பதிலோடு முடித்துவிடுகிறோம். மேல்மருவத்தூரில் அந்த நாட்களிலும் பெண்கள் வழிபடலாம், கருவறைக்குள் போய்ப் பூஜையும் செய்யலாம். ஆக, தமிழ்நாட்டுக்குள்ளேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பெண்களுக்கு ஆதரவாக 4-1 என்று தீர்ப்பளித்தபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. பெரியவர்களுக்கே இவ்வளவு கருத்து வேறுபாடு இருக்கும் விஷயத்தைப் பன்னிரண்டு வயதுப் பெண் எங்கே போய் யோசிப்பாள்?

தமிழில் இந்தக் கேள்விகள் எழுதப்படாமல் இல்லை. கன்னியர் மடத்துக்குள் போய் அங்கும் சாதியைக் கண்டு ஏழாண்டில் வெளியே வந்த பாமா, 1992இல் ‘கருக்கு’ எழுதினார். வயசுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு, துவரங்குறிச்சியில் நூலகப் புத்தகங்களைப் படித்தே வளர்ந்த சல்மா, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ராபியா என்ற சிறுமியின் கண் வழியாக ஓர் ஊரையே காட்டினார். இரண்டும் மகத்தான நூல்கள், பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணுக்கென்றே, அவள் மொழியில், அவள் சாமியையும் அவள் உடம்பையும் ஒரே கதையில் பேசும் தமிழ் நாவல்கள் நம் கடைகளில் அரிது. குழந்தை இலக்கியம் நீதிக்கதையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த படி பெரியவர்களின் நாவல்தான். நடுவில் உள்ள ஐந்தாண்டுகளை நம் பிள்ளைகள் ஆங்கில நாவல்களோடு கழிக்கிறார்கள், ஆங்கிலம் வசப்படாதவர்கள் செல்போனோடு கழிக்கிறார்கள்.

இதைப் படிக்கும் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதுரையிலோ ஆம்பூரிலோ நாகர்கோவிலிலோ ஒரு பெண்பிள்ளை இன்று இரவு படுக்கையில் கிடந்து தன் சாமியிடம், அல்லாவிடம், மாதாவிடம் என்ன கேட்கிறாள் என்பதை எழுதுங்கள். அவளைப் பக்தையாகவோ புரட்சிக்காரியாகவோ முன்பே முடிவு செய்துவிடாமல் எழுதுங்கள். அதுவரை, வீட்டில் அந்த வயதுப் பெண் இருப்பவர்கள் மார்கரெட்டின் கதையை வாங்கிக் கொடுங்கள், நீங்களும் படியுங்கள். ஆங்கிலம் தடையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு அவள் கேள்வி கேட்பாள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், எனக்கும் தெரியாது கண்ணு, சேர்ந்து யோசிப்போம் என்று சொல்லுங்கள்.